குறுக்கே வராத கழுதை

அன்புள்ள மகனுக்கு,

போன ஞாயிறு பூசை முடிந்து, பாதர் போன பிறகு கோயில் மண்டபத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றபோது நீ என்னிடம் ஒன்று கேட்டாய். செப்டெம்பரில் பிள்ளையை நேர்சரிக்கு விடுகிறோம், செவ்வாயும் வியாழனும் எங்கள் இரண்டு பேருக்கும் வெள்ளன வேலை, "அப்பா, நீங்கள் காரில கொண்டுபோய் விட்டிட்டு, பின்னேரம் ஏத்திக்கொண்டு வர ஏலுமே?" என்றாய். நான் "ஓம், பாப்பம்" என்றேன். அம்மா தன் கோப்பைக்கு மேலால் என்னைப் பார்த்தாள். நீ அந்த "ஓம்" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அன்றைக்கே உன் மனிசி நன்றி மாமா என்று பூப் படத்தோடு மெசேஜ் அனுப்பினாள். உன் கேள்விக்கு ஒழுங்கான பதில் இதுதான்: ஏலாது. செவ்வாயும் ஏலாது, வியாழனும் ஏலாது, வேறு எந்த நாளும் ஏலாது. என் கார்த் திறப்பை, உன் பாஷையில் கீயை, இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். விழுந்து தொலைந்து போகாமல் எடுத்து வை.

இதை நேரே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் சொல்ல வெளிக்கிட்டால் நான் ஒரு பகிடி விடுவேன், நீ சிரிப்பாய், விஷயம் அப்படியே அமுங்கிப் போகும். உனக்கும் எனக்கும் நடுவில் நிறைய விஷயங்கள் அப்படித்தான் போயிருக்கின்றன. தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் என் இங்கிலீசு பாசஞ்சர்களோடு பேசிப் பழகின இங்கிலீசு. அதில் காலநிலையும் ட்ராபிக்கும்தான் வரும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை ஏழு வருடம் இழுத்துக்கொண்டு போனேன், இன்னும் எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் வாசிப்பாய். நல்லது, மெதுவாகவே வாசி. எழுத்து ஏன் இவ்வளவு பெரிது, ஏன் தடித்த பேனை என்று யோசிப்பாய். அதற்கும் காரணம் வரும். விளங்காத இடம் இருந்தால் அம்மாவுக்குக் கோல் எடு. இதில் இருக்கிற எல்லாம் அவளுக்குத் தெரியும், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை இதை எழுதி முடித்த கையோடு அவளுக்கும் சொல்லப்போகிறேன்.

நான் லண்டனுக்கு வந்த புதிதில் சட்டன் பக்கம் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தது உனக்குத் தெரியும். கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிற வேலை. பின் சுவரில் யாரோ விட்டுப்போன ஒரு கலண்டர் தொங்கியது. வருடம் எப்போதோ முடிந்துவிட்டது, ஒருவரும் கழற்றவில்லை. பன்னிரண்டு மாசத்துக்கும் ஒரே றோட்டுத்தான் படம்: அமெரிக்காவின் பழைய ரூட் 66. சிக்காகோவில் தொடங்கி, பாலைவனம் தாண்டி, மற்றப் பக்கத்துக் கடலில் போய் முடிகிற றோட்டு. மே மாசப் படத்தில் இரண்டு சிவப்புப் பம்புகளோடு ஒரு சின்னப் பெற்றோல் நிலையம் இருந்தது. அதற்குள்ளும் என்னைப் போல ஒருத்தன் இருப்பான் என்று நினைத்துக்கொள்வேன். அவனுக்கு முன்னால் அவ்வளவு பெரிய வானம், எனக்கு முன்னால் சொக்லேட் தட்டு. வேலையை விட்டபோது அந்தக் கலண்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். பிறகு நீ அதைக் கிழித்து உன் அறைச் சுவர் முழுக்க ஒட்டினாய். ஒரு நாள் போவம் என்று உனக்குச் சொன்னேன். வருடாவருடம் சொன்னேன்.

அதற்குப் பிறகு இருபத்துநாலு வருடம் மினிகாப், வாடகைக் கார் ஓட்டம். ஒரு அக்சிடன்ற் இல்லை, லைசன்ஸில் ஒரு குற்றப் பொயின்ற் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி உனக்குக் காது புளித்திருக்கும். நீ கார் பழகிய காலத்தில் நான் பக்கத்தில் இருந்து போட்ட கூத்தும் உனக்கு மறந்திருக்காது. "கண்ணாடியைப் பார், கண்ணாடியைப் பார்" என்று நான் குளறின குளறலில் நீ ஒருதரம் நோர்பரிச் சந்தியில் காரை விட்டு இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாய். அந்த அளவுக்கு எனக்கு என் ஓட்டத்தில் திமிர். வேறு பெருமைகள் என்னிடம் அதிகம் இல்லை, அதனால் இருந்த ஒன்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

உன் கலியாணம் முடிந்து இரண்டாம் வருடம், பிள்ளை வரப்போகிறது என்று தெரிந்த கிழமையே நீ வந்து, "அப்பா, இப்ப போகாட்டி இனி ஒருநாளும் போகமாட்டம்" என்றாய். போனோம். சிக்காகோவில் ஒரு வெள்ளைக் காரை எடுத்து, கண்ணாடியில் செபமாலையைக் கொழுவி, அம்மா தந்துவிட்ட பருத்தித்துறை வடை டின்னை நடுவில் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டோம். ஒரு நாள் நீ, ஒரு நாள் நான் என்பதுதான் ஒப்பந்தம். அந்த றோட்டு முழு றோட்டு இல்லை என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பெரிய நெடுஞ்சாலை வந்து பாதியை விழுங்கிவிட்டது. கொஞ்சத் தூரம் கிடைக்கும், பிறகு ஒரு கம்பி வேலியில் போய் முட்டும், திரும்பி வந்து வேறு இடத்தில் பிடிக்க வேண்டும். நீ வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு லெஃப்ட் அப்பா, ரைட் அப்பா என்று சொல்லிக்கொண்டே வந்தாய். ஒரு சாப்பாட்டுக்கடையில் என்னைவிட மூத்த ஒரு கிழவி என்னை "ஹனி" என்று கூப்பிட்டுக் கோப்பி ஊற்றினாள். அம்மாவுக்குச் சொல்லாதே என்றேன். நீ மேசையை விட்டு எழும்ப முதலே மெசேஜ் அனுப்பிவிட்டாய்.

டெக்சாஸில் என் நாள். இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லாத வெளி. "அப்பா, பாருங்கோ, ரூலர் வைச்சுக் கீறின மாதிரி. ஒரு பெண்ட் இல்லை" என்றாய். எனக்கு ஒரு வளைவு தெரிந்தது. நடுவில் போகிற மஞ்சள் கோடு கொஞ்சத் தூரத்தில் நெளிந்து, திரும்ப நேராகியது. வலது கண்ணை மூடினேன், கோடு நேரானது. திறந்தேன், வளைந்தது. வெயில் வெக்கை என்று எனக்கு நானே சொன்னேன். பின்னேரம் மொட்டலில் முகம் கழுவுகிறபோது சுவரில் பதித்திருந்த வெள்ளை ஓடுகளும் வளைந்திருந்தன. குளியலறைக்குள் ஏது வெயில்? முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, நாளைக்கு எத்தனை மணிக்கு வெளிக்கிடுவோம் என்று உன்னைக் கேட்டேன்.

லண்டனில் இது ஏன் எனக்குத் தெரியாமல் போனது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். லண்டனில் நான் பார்த்து ஓடவில்லை. நோர்பரியில் இருந்து சட்டன் வரைக்கும் எந்த இடத்தில் லைட், எந்த இடத்தில் பள்ளிக்கூடம், எந்த வளைவுக்குப் பிறகு பஸ் நிற்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். கண் விட்ட இடத்தை ஞாபகம் நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறது. அமெரிக்காவில் எனக்கு ஞாபகம் ஒன்றும் இல்லை. அங்கே பார்த்துத்தான் ஓட வேண்டும். ஆசைப்பட்ட றோட்டில்தான் நான் பிடிபட்டேன்.

அரிசோனாவில் அந்த மலை. அன்றைக்கு முறைப்படி உன் நாள். "மலை றோட்டப்பா, நான் ஓடுறன்" என்றாய். "நீ நேற்றுப் பிறந்தனி, தா இஞ்ச" என்று திறப்பைப் பிடுங்கினேன். அந்த மலை கலண்டரில் ஒக்டோபர் மாசம். அதை நான் ஓட வேண்டும் என்று எனக்கு இருபத்தைந்து வருட ஆசை. ஓரத்தில் கட்டு இல்லாத ஒடுங்கின றோட்டு, ஊசி வளைவுகள். முதல் இரண்டு வளைவை ஒழுங்காக எடுத்தேன். மூன்றாவது வளைவு எனக்கு இருக்கவில்லை. பார்க்கிற இடத்தின் நடுவில் ஒரு மங்கல், அதற்குள் அந்த வளைவு போய்விட்டது. நான் நேரே விட்டேன். "அப்பா!" என்று நீ கத்தினாய். பிரேக்கை அமத்தினேன், முன் சில்லு சரளையில் இழுபட்டு நின்றது. உன் பக்கத்துக் கண்ணாடிக்குக் கீழே பள்ளம். நீ அதைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். ஒரு தகப்பன் காணக்கூடாத முகம் அது. எனக்கு வாயில் வந்தது இதுதான்: "கழுதை. குறுக்க ஓடி வந்தது."

"எங்க?"

"ஓடீட்டுது."

அன்று காலை பெற்றோல் அடித்த இடத்தில் ஒருத்தன் சொல்லியிருந்தான், மேலே பழைய சுரங்கக்காரர் விட்டுப்போன கழுதைகள் திரியும், கவனம் என்று. நானோ மன்னார் ஆள். எங்கள் பஸ் நிலையத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற சனத்தைவிடக் கழுதைகள் கூட. அதனால் பொய் ஆயத்தமாகக் கிடந்தது, எடுத்துப் போட்டேன். நீ நம்பினாய். மலை இறங்கியதும் வந்த சின்ன ஊரில் உண்மையாகவே கழுதைகள் நடு றோட்டில் நின்றன, நீ சிரி சிரியென்று சிரித்து, ஒன்றின் கழுத்தில் என் கையைப் போடவைத்துப் படம் எடுத்தாய். "அப்பா, இதுதானோ அது? மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்கோ" என்றாய். அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு உன் வீட்டு ஹோலில் மாட்டியிருக்கிறாய். வருகிற ஆட்கள் எல்லாருக்கும் அந்தக் கதை சொல்வாய். உன் மகளுக்கு நீ வாங்கின முதல் பொம்மையே ஒரு சாம்பல் கழுதை. நான் உன் வீட்டுக்குள் வருகிற ஒவ்வொரு முறையும் அந்தப் படத்தைக் கடந்துதான் வருகிறேன், மகன்.

அந்த ஊரில் வைத்து முதுகு பிடித்துவிட்டது என்று சொல்லித் திறப்பை உன்னிடம் தந்தேன். அங்கே இருந்து கடல் வரைக்கும் நீதான் ஓடினாய். நான் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன், நீ நித்திரை என்று நினைத்தாய். பயத்தில் எனக்கு நித்திரை வரவில்லை. நீ சும்மா சொல்லிக்கொண்டே வந்தாய்: அப்பா, இந்தக் கூரை பறந்த பெற்றோல் நிலையம் உங்கட மே மாசம் மாதிரியே கிடக்கு, அப்பா, ரெயில் ஒண்டு போகுது, நூறு பெட்டி இருக்கும், அப்பா, தூரத்தில மழை பெய்யிறது தெரியுது, இஞ்ச வெயில். கடைசியில் கடலுக்குள் கட்டியிருந்த மரப் பாலத்தில் நின்று எதிரே தெரிகிறதை எல்லாம் எனக்குக் காட்டினாய். அந்தப் பயணத்தின் கடைசி இரண்டு நாளும் நான் பார்த்தது உன் வாயால்தான். இந்த உண்மையை நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். நீ கோபித்திருக்க மாட்டாய். சொல்லாமல் விட்டது உனக்காக இல்லை, என் இருபத்துநாலு வருடத்துக்காக.

என்னைப் பிடித்தது அம்மா. பிள்ளையின் ஞானஸ்நானத்து அன்று மண்டபத்தில் நீ அந்தக் கழுதைக் கதையைத் திரும்பவும் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சீலையைக்கூட மாற்றாமல் குசினிக்குள் என்னை மறித்தாள். "இஞ்சேருங்கோ, மன்னாரில எந்தக் கழுதை குறுக்க ஓடினது? கோர்ண் அடிச்சு எங்கட காது வெடிச்சாலும் அது நிண்ட இடத்திலதானே நிக்கும். இறங்கிப் போய்த் தள்ளிவிட்டெல்லோ பஸ் போறது. அவன் இஞ்ச பிறந்தவன், அவனுக்குத் தெரியாது. எனக்குமா? சொல்லுங்கோ, என்ன நடந்தது?" சொன்னேன். பேச்சு வாங்கினேன். பிறகு நான் இன்றைக்கு, நாளைக்கு என்று மாசக் கணக்காக இழுத்தடிக்க, அவள் பிடரியில் பிடித்துத் தள்ளாத குறையாகக் கண் டொக்டரிடம் அனுப்பினாள். கண்ணின் பின்பக்கம், நடுப் பார்வை வருகிற இடம், தேய்கிறதாம். வலதில் கூடுதல், இடதிலும் தொடங்கிவிட்டது. கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். பயப்படாதே, நினைக்கிற அளவுக்கு நோவில்லை. கண் கிளினிக்கில் இருந்து கடிதமும் வந்தது: இனி வாகனம் ஓடக்கூடாது, லைசன்ஸ் கந்தோருக்கு அறிவிக்க வேண்டும். "மகனுக்கு நீங்களே சொல்லுங்கோ. நான் சொன்னா அது கோள்" என்றாள் அம்மா. நான் கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்தேன். காரை விட்டுவிட்டேன் என்று அவள் நம்பினாள்.

இப்போது அவளுக்கும் தெரியாத அந்த ஒன்று. கடிதம் வந்து ஒரு கிழமை. புதன்கிழமை. பிள்ளை எங்கள் வீட்டில் நின்றாள், அம்மா பின்னேர ஷிப்டுக்குப் போய்விட்டாள். உன் மனிசி கோல் எடுத்தாள், தான் வீட்டுக்கு வந்துவிட்டாளாம், ரெயில் எல்லாம் தாமதமாம், திரும்ப வெளிக்கிட்டு வர ஏலாதாம், "மாமா, பிள்ளையக் கொண்டுவந்து விட ஏலுமே?" என்றாள். ஏலாது என்று ஒரு சொல். அது வாயில் வரவில்லை. தெரிந்த றோட்டுத்தானே என்றேன் எனக்கு. பிள்ளையைப் பின் சீட்டில் கட்டி, பொம்மையைக் கையில் கொடுத்து, ஓடினேன். கார்ஷல்டனில் ஒரு வெள்ளைக் கோட்டுக் கடவை. கடவை எனக்கு ஞாபகத்தில் இருந்தது. அதில் நடந்துகொண்டிருந்த பெண் ஞாபகத்தில் இல்லை. அவளை நான் காணவில்லை. பொனற்றில் அவள் இரண்டு கையாலும் அடித்த சத்தத்தைக் கேட்டுத்தான் பிரேக் அமத்தினேன். அவளுக்கும் காருக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. "உனக்குக் கண் தெரியாதா?" என்று இங்கிலீசில் கத்தினாள். கோபத்தில் கேட்ட கேள்வி, ஆனால் சரியான கேள்வி. நான் ஓம் என்று சொல்லியிருக்க வேண்டும். "சொரி" என்றேன். பிள்ளை பின்னால் நித்திரை.

இதற்கு அடுத்ததையும் எழுதத்தான் வேண்டும். நான் அந்த இடத்தில் காரை ஓரம் கட்டி உனக்குக் கோல் எடுக்கவில்லை. மிச்சத் தூரத்தையும் ஓடினேன். உன் வாசலில் பிள்ளையைக் கொடுத்து, உன் மனிசி தந்த தேத்தண்ணியைக் குடித்து, கழுதைப் படத்துக்குக் கீழே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, திரும்ப ஓடி வீட்டுக்கு வந்தேன். வந்து காருக்குள்ளேயே இருந்து அழுதேன். அந்த வாரமே பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். பாதர் முழுக்கக் கேட்டுவிட்டு, மகனுக்குத் தெரியுமா என்று ஒன்றுதான் கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால் நீங்கள் இன்னும் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள் என்றார். மிச்சப் பாதியைச் சொல்லத்தான் போன ஞாயிறு உன்னிடம் வந்தேன். நீ முந்திக்கொண்டு நேர்சரி என்றாய், நான் ஓம் என்றேன்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இவை. முதலில் இதை இன்றைக்கே உன் மனிசிக்கு முழுக்கச் சொல்லு. பிள்ளையைப் பெற்றவள், அவள் என்ன சொன்னாலும் நான் கேட்க வேண்டும். இரண்டு பேரும் கோபப்படுங்கள். வயதுபோன மனிசன், பாவம் என்று கெதியில் ஆறிவிட வேண்டாம். எனக்கு அது நல்லதில்லை. லைசன்ஸை நான் நேற்றே தபாலில் திருப்பி அனுப்பிவிட்டேன். அடுத்தது, இந்த வியாதி பிள்ளைகளுக்கும் வரலாம் என்று டொக்டர் சொன்னார். நீ இப்போதே ஒருதரம் கண்ணைக் காட்டு, பிறகும் இடைக்கிடை குளியலறை ஓடுகளை ஒரு கண்ணை மூடிப் பார். வளைந்து தெரிந்தால் அன்றைக்கே வீட்டில் சொல்லு. இன்னொன்றும் இருக்கிறது. நான் எதிலாவது ஓம் பாப்பம் என்றால், அதை ஓம் என்று எடுக்காதே. என்ன பாக்கப்போறியள் என்று திருப்பிக் கேள். உன்னிடமும் அந்தப் பழக்கம் இருக்கிறது, உன் மனிசி எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

நீங்கள் இரண்டு பேரும் சம்மதித்தால் செவ்வாயும் வியாழனும் நானும் அம்மாவும் சேர்ந்து பஸ்ஸில் வருகிறோம். பஸ் இலக்கத்தை அம்மா பார்ப்பாள், பிள்ளையின் கையை நான் பிடிப்பேன். சம்மதம் இல்லை என்றால் அதுவும் சரி, நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். படத்தைக் கழற்றுவதும் விடுவதும் உன் இஷ்டம். ஆனால் பிள்ளை வளர்ந்து கேட்கிற அன்றைக்கு, கழுதை பாவம் ஊருக்குள் சும்மா நின்றது, அப்பப்பாவுக்குத்தான் றோட்டுத் தெரியவில்லை என்று சொல்லு.

வருகிற ஞாயிறு பூசைக்கு நாங்கள் ரெயிலில் வருவோம். முடிந்ததும் நீ எங்கள் வீட்டுக்கு வந்து காரை எடுத்துக்கொண்டு போ. போகும்போது என்னையும் ஒரு சுற்று ஏற்றிக்கொண்டு போ, எங்கேயாவது, தூரம் வேண்டாம். நான் இந்த முறை கண்ணை மூடமாட்டேன். அமெரிக்காவில் வந்த மாதிரி, முன்னால் என்ன வருகிறது என்று சொல்லிக்கொண்டே ஓடு. கழுதை நின்றால் அதையும் சொல்லு. நீ சொன்னால் நான் நம்புவேன்.

அப்பா